ஒரு நாள் பேலியோ மெனு போட்டிருக்கேன், பாத்துட்டு கிழிங்க

பொங்கோல்_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளா படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்த ஆளு நான், இப்பத்தான் எழுதறேன். சிங்கப்பூர்ல பொங்கோல் பக்கம் இருக்கோம். வர்ற சனிக்கிழமை நானும் வீட்டுக்காரரும் பேலியோ, அதான் சோறு சப்பாத்தி சர்க்கரை எல்லாம் விட்டுட்டுக் கற்கால மனுஷன் மாதிரி சாப்பிடற டயட், ஆரம்பிக்கறதா இருக்கோம். ஆபீஸ் நாள்ல ஆரம்பிச்சா முதல் நாளே சொதப்பிரும், அதான் எல்லாரும் வீட்ல இருக்கற நாளா பாத்து ஆரம்பிக்கலாம்னு. வீட்ல மாமியார் இருக்காங்க, சுகர் மாத்திரை சாப்பிடறாங்க, அவங்களுக்கும் இதையே குடுத்தா நல்லதுன்னு இவர் சொல்றாரு. பையன் பிரைமரி நாலு, சோறு இல்லன்னா வீட்டை ரெண்டாக்கிருவான். மெனு இதான்:

பசியாறல்: பாதாம் மாவு தோசை, தேங்காய்ச் சட்னி, பட்டர் டீ
மதியம்: காலிஃப்ளவர் பிரியாணி, தேங்காய் மாவுல புரட்டிப் பொரிச்ச சிக்கன், பனீர் டிக்கா
4 மணி: 100 பாதாம், தேங்காய் மாவு கேக்
ராத்திரி: முட்டை சப்பாத்தி, பட்டர் சிக்கன்

எப்படி இருக்கு? எதை மாத்தணும்?

தேக்கா_அண்ணே:
வாம்மா தங்கச்சி. மெனு ஹோட்டல் மெனு மாதிரி பிரமாதமா இருக்கு, அதான் பிரச்சனையே. ஒரே நாள்ல இத்தனை புது அயிட்டம், அதுவும் ஒண்ணு கூட நீ இதுக்கு முன்னாடி கைவச்சுப் பாக்காதது, மாவு ஒட்டும் பிரியும் கருகும், சாயந்திரம் அஞ்சு மணிக்கு சிங்க் நிறைய பாத்திரத்தைப் பாத்துட்டு நீயே கீழ இறங்கி கோப்பிக்கடைல மீ கோரெங் நூடுல்ஸ் டாபாவ், அதான் பார்சல், பண்ணிட்டு வருவ, நம்பு லா. தோசை மாதிரி, சப்பாத்தி மாதிரி, கேக் மாதிரின்னு போலியா செய்யறத எல்லாம் மொதல்ல தூக்கிப் போடு. பாதாம் மாவுல ஊத்தினது தோசையும் ஆகாது, நல்லாவும் இருக்காது, நாக்கு ஒரிஜினல் தோசையைத்தான் கேட்டுட்டே இருக்கும்.

நீ எப்பவும் வைக்கிற மீன் குழம்பு, கீரை, முட்டை, எலும்பு சூப், இதுல எது பேலியோ இல்ல சொல்லு? ஒரே சமையல் பண்ணு. குக்கர்ல சோறு பையனுக்கு. உங்க ரெண்டு பேர் தட்டுல சோறு விழற இடத்துல காய். முடிஞ்சுது.

நெய்ரோஸ்ட்:
அண்ணே சொல்றது சரி, ஆனா பட்டர் டீயும் பனீரும் இருக்கட்டும். நியாண்டர் செல்வன் ஆரம்பிச்ச ஆரோக்கியம் & நல்வாழ்வு ஃபேஸ்புக் குழு வழியா தமிழ்ல பரவின பேலியோ அப்படித்தான், பாதாம், முட்டை, நெய், பனீர், வெண்ணெய், மாவுச்சத்து குறைவு கொழுப்பு கூட. நானும் அதைத்தான் பண்றேன். காலைல ஒரு பட்டர் டீ உள்ள போயிட்டா மதியம் வரைக்கும் பசி எட்டிப் பாக்காது.

குகைமனிதன்:
பால் சாமான் சேர்த்தா அது பேலியோவே இல்லங்க. ஆடு மாட்டைக் கட்டி வச்சு பால் கறக்க ஆரம்பிச்சதே விவசாயம் வந்ததுக்கு அப்புறம். 1985ல ஈட்டன், கொன்னர்னு ரெண்டு பேர் ஒரு மருத்துவ இதழ்ல கற்கால மனுஷன் என்ன சாப்பிட்டான்னு எழுதினாங்க, 2002ல லோரன் கார்டெய்ன் அதைச் சாப்பாட்டு முறையாவே ஆக்கினாரு. அதுல தானியம் கிடையாது, பருப்பு வகை கிடையாது, பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. ஆனா பழம் உண்டு, சில பேர் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் சேர்த்துப்பாங்க. அதாவது நீங்க சொல்றது மாவுச்சத்தைக் கொறைக்கிற டயட், அது வேற கணக்கு.

நெய்ரோஸ்ட்:
வேற கணக்கோ அதே கணக்கோ, எனக்கு இடுப்பு பெல்ட்டுல புது ஓட்டை போட வேண்டி வந்துச்சு, அது போதும் 😄

குகைமனிதன்:
நல்லா இருங்க. நான் சொல்ல வந்தது என்னன்னா, அவங்க மெனு போடறதுக்கு முன்னாடி ரெண்டுல எதுன்னு முடிவு பண்ணணும். ரெண்டையும் கலந்தா என்ன ஆகும்னா இந்தப் பக்கம் பனீர் வெண்ணெய், அந்தப் பக்கம் சர்க்கரைவள்ளி, வாழைப்பழம், தேன் கேக்கு, கலோரி எகிறிரும், எடை இறங்காது, அப்புறம் பேலியோ வேலை செய்யலன்னு திட்டுவாங்க.

சும்மா_கேக்கறேன்:
நடுவுல ஒரு டவுட்டு. கற்காலத்துல காலிஃப்ளவர் ஏதுங்க? காட்டு முட்டைக்கோஸ் செடியைப் பல நூறு வருஷம் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்து வந்ததுதானே காலிஃப்ளவரும் புரோக்கோலியும். மிளகாயும் தக்காளியும் போர்ச்சுக்கீசியர் காலத்துல நம்ம பக்கம் வந்தது. ஜோர்டான்ல ஷுபைக்காங்கற இடத்துல விவசாயம் வர்றதுக்கு முன்னாடியே, 14,400 வருஷத்துக்கு முன்னாடி சுட்ட ரொட்டித் துணுக்கு கிடைச்சிருக்குன்னு 2018ல வந்துச்சு. நியாண்டர்தால் ஆளுங்க பல்லு இடுக்குலயே மாவுச்சத்து இருந்திருக்காம். அவனே ரொட்டியும் கிழங்கும் தின்னுருக்கான், நாம காலிஃப்ளவரைத் துருவிட்டு உக்காந்திருக்கோம்.

குகைமனிதன்:
அது எல்லாம் தெரியும் சார், சாப்பாட்டை ஒழுங்கு பண்ண ஒரு கோடு வேணும்ல, அவ்வளவுதான் இது. வரலாற்றுப் பரீட்சை எழுதவா போறோம்.

மருந்துக்கடை:
இந்தச் சண்டை இருக்கட்டும், மாமியார் விஷயத்தை யாரும் கவனிக்கலையே. நான் பார்மசில இருக்கேன், அதனால சொல்றேன் சிஸ். சுகர் மாத்திரைன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டீங்க, எந்த மாத்திரைங்கறதுதான் முக்கியம். மெட்ஃபார்மின் மட்டும்னா சுகர் ரொம்பத் தாழ்ந்து போற ஆபத்து கம்மி. கிளிபிசைட், கிளிக்லசைட் மாதிரி மாத்திரையோ இன்சுலினோ இருந்தா, மாத்திரை அப்படியே இருக்க நீங்க பாட்டுக்கு சோறை நிறுத்தினா சுகர் சடார்னு இறங்கி கை நடுங்கி வேர்த்து மயக்கம் வரைக்கும் போகலாம், வயசானவங்களுக்கு அது ரொம்ப ஆபத்து. இன்னொரு வகை இருக்கு, எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் மாதிரி, பேர் ஃப்ளோசின்னு முடியும். அதைச் சாப்பிடறவங்க மாவுச்சத்தை ஒரேயடியா வெட்டினா ரத்தத்துல கீட்டோன் ஏறி அமிலமாகிற நிலை வரலாம், மெஷின்ல சுகர் பெருசா ஏறாமலே வரலாம், அதனால வீட்ல யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. வாந்தி, வயித்துவலி, மூச்சு வாங்கறதுன்னு வந்தா நேரா ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு, ஏ & இ.

பிரஷர் மாத்திரையும் இருந்தா அதையும் பாக்கணும், மாவுச்சத்து குறைஞ்ச முதல் சில நாள்ல உடம்புல இருந்து உப்பும் தண்ணியும் நிறைய வெளிய போகும், எழுந்து நின்னா தலை சுத்தும். கிட்னி ரிப்போர்ட் எப்படின்னும் தெரியணும். அதனால பாலிகிளினிக்ல அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் மாமியாரை இதுல இழுக்காதீங்க. அதுவரைக்கும் சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்ற தட்டுக் கணக்கு, பாதித் தட்டு காய் பழம், கால் தட்டு மீன் கறி முட்டை, கால் தட்டு முழுதானியம், அதையே சரியா குடுத்தாலே போதும்.

பொங்கோல்_பொண்ணு:
ஐயோ அக்கா நல்லவேளை சொன்னீங்க. மாத்திரை டப்பாவைப் பாத்தேன், மெட்ஃபார்மின் கூட நீங்க சொன்ன ஃப்ளோசின் ஒண்ணு இருக்கு. அத்தைக்கு வழக்கமான சாப்பாடுதான். எப்படியும் அவங்க "கல்லு காலத்து சாப்பாடெல்லாம் எனக்கு வேணாம்மா"ன்னு சொல்லிட்டாங்க.

அப்ப நாங்க ரெண்டு பேர் மட்டும். பால் சாமான் வேணாம்னே முடிவு பண்றேன், இவருக்கு பால் குடிச்சா வயிறு உப்பிக்கும். நெய் மட்டும் வச்சுக்கலாமா? மார்க்கெட்ல என்ன வாங்கறது, அண்ணே நீங்கதான் சொல்லணும்.

தேக்கா_அண்ணே:
நெய் வச்சுக்கோ, காய்ச்சி எடுத்ததுல பாலோட சமாச்சாரம் பெரும்பாலும் போயிடும், கண்டிப்பான ஆளுங்களே அதுக்குக் கண்ணை மூடிக்குவாங்க.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் போகாத, சனிக்கிழமை காலைல ஏழரைக்குள்ள தேக்கா மார்க்கெட் போயிரு. திங்கட்கிழமை மீன்காரங்க நிறைய பேர் லீவு, அதையும் ஞாபகம் வச்சுக்க. பொங்கோல்லேர்ந்து பர்பிள் லைன் ரயில், நேரா லிட்டில் இந்தியா வந்து இறங்கலாம், கார் எடுத்தா பார்க்கிங்ல நின்னே நேரம் போயிரும்.

மீன்ல கெம்போங் வாங்கு, ஊர்ல அயிலைன்னும் கானாங்கெளுத்தின்னும் சொல்றமே அதான். நல்ல கொழுப்பு மீன், விலையும் கையைக் கடிக்காது. வாங்கறப்ப செவுளைத் தூக்கிப் பாரு, ரத்தச் சிவப்பா இருக்கணும், காப்பிக் கலரா மாறியிருந்தா நகர்ந்துரு. கண்ணு தெளிவா முட்டிட்டு நிக்கணும், வயித்துல விரலை வச்சு அமுக்கினா குழி விழாம திரும்பி வரணும். அயிலைக்கு வயிறுதான் மொதல்ல கெடும், அதனால அங்கயே குடலை எடுத்துத் தரச் சொல்லிரு, ஐஸ் கொஞ்சம் கேட்டு வாங்கிக்க. பாத்தாங் மீனும் ருசிதான், நம்ம வஞ்சிரம் வகை, ஆனா பெரிய மீன் பாதரசம் கூட இருக்கும், தினமும் அதையே தின்னாத.

ஆட்டுக்கறிக் கடைல சூப்புக்கு எலும்பு தனியா கேளு, கழுத்துப் பக்கம் நல்லாருக்கும். அப்புறம் கங்கோங் கீரை, முருங்கைக்கீரை, வெண்டைக்காய், கத்திரிக்காய், ஒரு காலிஃப்ளவர், வெள்ளரிக்காய், சின்ன வெங்காயம், கருவேப்பிலை. தேங்காய் அங்கயே துருவித் தருவான். கொய்யா கீழ பழக்கடைல. பாதாம் முஸ்தபா கடைல மூட்டையா கிடைக்கும், ஆனா மொதல்ல கால் கிலோ வாங்கிப் பாரு, எதுக்கு அவசரம்.

குகைமனிதன்:
100 பாதாம்னு போட்டிருக்கீங்களே, அதைச் சொல்லணும்னு இருந்தேன். ஒரு பாதாம் 1.2 கிராம் பக்கம் வரும், 100 எண்ணினா 120 கிராம், அது மட்டுமே 700 கலோரி நெருங்கிடும். தமிழ்க் குழுக்கள்ல அந்த 100 பாதாம் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலா, மூணு வேளை தின்னுட்டு நாலு மணிக்கு நொறுக்குத்தீனியா இல்ல.

நெய்ரோஸ்ட்:
இதுல மட்டும் உங்க கட்சி. காலைல பாதாம்னா அதுதான் பசியாறல், கூட முட்டை கிடையாது.

தேக்கா_அண்ணே:
சமையல் இப்படிப் போடு, நான் வீட்ல செய்யறதையே சொல்றேன்.

எலும்பை மார்க்கெட்லேர்ந்து வந்ததும் மொதல் வேலையா குக்கர்ல ஏத்திரு. இஞ்சி தட்டிப்போட்டு, சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், மல்லி விதை இடிச்சு, மஞ்சள். முதல் விசில் வந்ததும் தீயை அடியோட கொறைச்சு முக்கால் மணி நேரம். அது பாட்டுக்கு ராத்திரிக்கு ரெடி.

பசியாறலுக்கு மூணு முட்டை, நெய்ல வெங்காயம் தக்காளி பச்சமிளகாய் வதக்கி, முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி போட்டு, முட்டையை ஊத்திப் பொடிமாஸ். ஒரு முட்டைல ஆறு கிராம் புரதம், மாவுச்சத்து ஒண்ணுமில்லாத மாதிரி. பையனுக்கும் இதையே ரொட்டிக்கு நடுவுல வச்சுக் குடு, தனியா ஒண்ணும் சமைக்காத.

மதியம் மீன் குழம்பு. நல்லெண்ணெய் காய்ஞ்சதும் கடுகு, வெந்தயம் கொஞ்சம், கருவேப்பிலை, உளுத்தம்பருப்பு தாளிக்காத, அது பருப்பு. சின்ன வெங்காயமும் பூண்டும் சுருங்க வதங்கணும், தக்காளி கரையணும், அப்புறம் மிளகாத்தூள் மல்லித்தூள் மஞ்சள், எண்ணெய் பிரியற வரைக்கும். புளி வழக்கமா போடறதுல பாதி போதும். கொதிச்சு பச்சை வாசனை போனப்புறம்தான் மீன், எட்டு நிமிஷத்துக்கு மேல வேணாம், கரண்டியே போடாத, சட்டியை ரெண்டு கைல பிடிச்சு ஒரு சுத்து சுத்தி ஆட்டு. அடுப்பை அணைக்கிறதுக்கு முன்னாடி முதல் தேங்காய்ப்பால் ஊத்தி ஓரத்துல ஒரு குமிழி வந்ததும் இறக்கிரு, கொதிக்க விட்டா திரிஞ்சுரும். இதுலயே வெண்டைக்காயும் கத்திரிக்காயும் போட்டா மீன் தலைக்கறி கணக்கா ஆயிரும், அது நம்ம ஊர்ச் சொத்து தெரியுமில்ல, 1949 வாக்குல கேரளாக்காரர் கோமஸ் சோஃபியா ரோட்டுல ஆரம்பிச்சது.

பொங்கோல்_பொண்ணு:
அண்ணே படிக்கும்போதே பசிக்குது. ரெண்டு கேள்வி. பாக்கெட் மீன் மசாலா போடலாமா? அப்புறம் காலிஃப்ளவர் சோறு எனக்கு எப்பவும் கஞ்சி மாதிரி ஆயிருது, என்ன பண்றது?

குகைமனிதன்:
பாக்கெட் மசாலா பின்னாடி படிச்சுப் பாருங்க, சிலதுல அரிசி மாவோ கடலைப்பருப்போ சேர்த்திருப்பான். சாம்பார்ப்பொடில பருப்பு வறுத்துத்தான் அரைப்பாங்க. யாரும் கவனிக்காத ஒண்ணு பெருங்காயம், கடைல விக்கிற கூட்டுப் பெருங்காயத்துல பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பான். சாஸ் வகைல சோயா சாஸ்ல கோதுமை, சிப்பி சாஸ்ல சர்க்கரையும் மாவும். அந்த ஒரு சிட்டிகை பெருங்காயத்துல ஒண்ணும் ஆயிராது, கோதுமை ஒத்துக்காதவங்க மட்டும் கவனிக்கணும். பாதாம் பால் பாக்கெட்டு வாங்கறப்ப சர்க்கரை சேர்க்காததான்னு பாருங்க, இப்பதான் பாக்கெட் முன்னாடியே சர்க்கரை, கொழுப்பு அளவுக்கு ஏ, பி, சி, டின்னு கிரேடு பெருசா போட்டிருக்கானே.

நைட்ஷிப்ட்:
காலிஃப்ளவருக்கு நான் சொல்றேன், என் பொண்டாட்டி கைப்பக்குவம். பூவைக் கழுவினா துணில நல்லா ஈரம் போகத் தொடைக்கணும், ராத்திரியே கழுவி ஃபிரிட்ஜுல திறந்து வச்சா இன்னும் நல்லது. மிக்ஸில விட்டு விட்டு ரெண்டு தடவை அடி, ஒரேயடியா ஓட விட்டா கூழு. ரவை மாதிரி வேணாம், உடைச்ச அரிசி அளவு. அதை மெல்லிசு துணில கட்டிப் பிழி, பாத்தா ஆச்சரியப்படுவீங்க அவ்வளவு தண்ணி வரும். அகலமான சட்டி, தீ முழுசு, கொஞ்சம் கொஞ்சமா போட்டு வறுக்கணும், மூடி போடவே கூடாது, உப்பு கடைசில. நாலு அஞ்சு நிமிஷம், ஓரம் லேசா சிவந்ததும் எடுத்துரணும். எச்டிபி அடுக்குமாடி கிச்சன்ல வாடை நிக்கும், ஜன்னலைத் திறந்து வச்சுக்குங்க.

சும்மா_கேக்கறேன்:
எல்லாம் சரி, அது சோறு மாதிரி இருக்குமா?

நைட்ஷிப்ட்:
இருக்காது. காலிஃப்ளவர் மாதிரி இருக்கும். நல்ல காலிஃப்ளவர் மாதிரி.

சைவப்புலி:
எங்களை மாதிரி ஆளுங்களை யாரும் கண்டுக்கலையே. வெள்ளிக்கிழமை வீட்ல முட்டை கூட கிடையாது, அன்னிக்கு என்ன பண்றது?

குகைமனிதன்:
நேர்மையா சொன்னா கண்டிப்பான பேலியோவும் சுத்த சைவமும் ஒத்துப்போகாதுங்க. பருப்பு போச்சு, பால் போச்சு, முட்டையும் இல்லன்னா புரதத்துக்கு எங்க போறது? உங்களுக்கு நெய்ரோஸ்ட் சொல்ற வழிதான், பனீர், தயிர், பாதாம், காளான், தேங்காய், அவகாடோ. பி12 சத்துக்கும் பால் வேணும் உங்களுக்கு. வாரத்துல ஒரு நாள் மட்டும் சைவம்னா அன்னிக்கு பனீரும் கீரையும் வச்சு ஓட்டிருங்க, வானம் இடிஞ்சு விழாது.

நெய்ரோஸ்ட்:
இதைச் சேமிச்சு வைக்கப் போறேன், குகைமனிதன் வாயால பனீர் 😂

ராஃபிள்ஸ்_பசி:
சனிக்கிழமை ஒண்ணும் பிரச்சனை இல்லங்க, திங்கக்கிழமை மதியம் பன்னெண்டே முக்காலுக்கு ஆபீஸ் கூட்டத்தோட கீழ இறங்கறப்பதான் டயட்டு உடையும், அதையும் இப்பவே யோசிச்சு வைங்க. நான் ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம். எனக்குக் கைகொடுக்கறது அமோய் ஸ்ட்ரீட் ஃபுட் சென்டர் மீன் சூப்தான். ஸ்லைஸ் மீனு கேளுங்க, பொரிச்ச மீன் கேட்டா மாவுல முக்கினது. சோறும் மீகூனும் (அரிசி சேமியா) வேணாம், காய் கூடப் போடுங்கன்னு சொன்னா சில கடைல கூட ஒரு வெள்ளி (டாலர்) வாங்கிட்டுப் போடுவாங்க. பால் ஊத்தலாமான்னு கேப்பாங்க, அது டின் பால், வேணாம்னுருங்க.

யோங் தாவ் ஃபூ, அதான் நாமளே பொறுக்கி எடுத்து சூப்புல போட்டு வாங்கற கடை, அதுல கங்கோங், வெண்டைக்காய், கத்திரிக்காய், காளான் எடுக்கலாம், மீன் உருண்டைல மாவு இருக்கும், உள்ள அடைக்கிற மீன் விழுதுலயும் பெரும்பாலும் இருக்கும். தவு (தோஃபு) வகை எல்லாம் சோயா, அந்த இனிப்புச் சிவப்பு சாஸ் பக்கமே போகாதீங்க. சிக்கன் ரைஸ் கடைல அவிச்ச கோழியும் வெள்ளரியும் மட்டும் வாங்கினா அங்கிள் ஒரு மாதிரி பாப்பாரு, பாத்துட்டுப் போகட்டும். குச்சில குத்திச் சுடற சாத்தே தொடாதீங்க, கறியை ஊற வைக்கிறதுலயே சர்க்கரை, சாஸ் முழுக்க வேர்க்கடலை, அதுவும் பருப்பு ஜாதிதான். நம்ம முஸ்லிம் கடை சூப் கம்பிங் (ஆட்டு சூப்) அருமையா இருக்கும், ரொட்டியை மட்டும் திருப்பிக் குடுத்துருங்க. எகனாமிக் ரைஸ்ல, அதான் கறி காய் பொறுக்கி வாங்கற சோத்துக் கடைல, குழம்பு ஊத்தாதீங்கன்னு சொல்லுங்க, கெட்டியா இருக்கறது எல்லாம் சோளமாவு.

சும்மா_கேக்கறேன்:
குடிக்க கோப்பி ஓ கோசொங், அதான் பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பிதானே? அந்தக் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் போட்டுத்தான் வறுப்பாங்க பழைய முறைல, தெரியுமா?

ராஃபிள்ஸ்_பசி:
தெரியும். அதுலயும் கை வச்சீங்கன்னா நான் இந்த இழைய விட்டே போயிருவேன் 😭

பொங்கோல்_பொண்ணு:
சனிக்கிழமை முடிஞ்சுது, எப்படிப் போச்சுன்னு சொல்றேன். அண்ணே சொன்ன மாதிரியே ஏழரைக்கு தேக்கா. பாதாம் தோசை, கேக்கு, டிக்கா எல்லாத்தையும் மெனுவுலேர்ந்து எடுத்துட்டேன். காலைல முட்டைப் பொடிமாஸ், மதியம் கெம்போங் குழம்பு, காலிஃப்ளவர், கங்கோங் பூண்டு போட்டு வதக்கினது. சாயந்திரம் கொய்யா. ராத்திரி சூப்பும் மிளகுக் கோழியும் வெள்ளரியும். அத்தைக்கும் பையனுக்கும் அதே குழம்பு, கூடச் சோறு, தனிச் சமையலே இல்ல, சமையலறையை விட்டு ஒரு மணிக்கெல்லாம் வெளிய வந்துட்டேன்.

கஷ்டம்னா அது நாலு மணி. வீட்டுக்காரரு டீக்கு பிஸ்கட் இல்லாம வீட்டுக்குள்ளயே நடந்துட்டு இருந்தாரு, ஆறு மணிக்கு லேசா தலைவலின்னாரு. ராத்திரி சூப் குடிச்சப்புறம் சரியாயிருச்சு. பையன் காலிஃப்ளவரை ஒரு வாய் வச்சுட்டு "அம்மா திஸ் இஸ் ஓகே லா, பட் நாட் ரைஸ்"னான். குழம்பு மட்டும் எல்லாரும் வழிச்சுட்டாங்க.

மருந்துக்கடை:
தலைவலி பெரும்பாலும் உப்பும் தண்ணியும் குறைஞ்சதுதான், காப்பி டீயை ஒரேயடியா நிறுத்தினாலும் வரும். உடம்புல சேமிச்சு வச்ச மாவுச்சத்தோட ஒவ்வொரு கிராமும் மூணு கிராம் தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும், அது கரையறப்ப தண்ணியும் போயிரும். முதல் வாரம் எடை கடகடன்னு இறங்கறதும் அதனாலதான், கொழுப்பு இல்ல அது, அவர்கிட்ட இப்பவே சொல்லி வைங்க. பிரஷர் இல்லன்னா நாலு மணிக்கு அந்த சூப்பையே உப்புப் போட்டு ஒரு கப் குடுங்க.

பொங்கோல்_பொண்ணு:
அவருக்கு பிரஷர் இல்லக்கா, குடுத்துப் பாக்கறேன். கடைசியா ஒண்ணு. கால் கிலோ பாதாம் ஊற வச்சு நெய்ல வறுத்து டப்பால போட்டேன், இன்னிக்குப் பாத்தா நமத்துப் போய் ரப்பர் மாதிரி இருக்கு, தூக்கிப் போட்டுரவா?

நெய்ரோஸ்ட்:
மோந்து பாருங்க, பூஞ்சை வாடையோ வெள்ளைப் படலமோ இருந்தா யோசிக்காம போட்டுருங்க. இல்லன்னா காப்பாத்திரலாம். ஊற வச்சதும் நேரா வறுத்திருப்பீங்க, உள்ள ஈரம் நின்னிருக்கும், நம்ம ஊர்க் காத்துல அது போகவே போகாது. ஓவன்ல ஆகக் கம்மிச் சூட்டுல பரப்பி வச்சு, ஒண்ணை உடைச்சா டக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் காய விடுங்க, சில மணி நேரம் ஆகும். ஏர் ஃபிரையர்னா அடிக்கடி குலுக்கிவிடணும், இல்லன்னா வெளிய கருகி உள்ள அப்படியே இருக்கும். முழுசா ஆறினப்புறம் கண்ணாடி பாட்டில்ல போட்டு ஃபிரிட்ஜுல வைங்க. அடுத்த தடவை காய வச்சுட்டு அப்புறம் நெய்.